ஆடிட்டர் ஆபீசுக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் நமது பில் பைகளும்



ஏப்ரல் மாதம் பிறந்தால் நமக்குப் புதுக்கணக்கு, ஆடிட்டருக்கோ பழைய கணக்கு. மார்ச் 31ஆம் தேதியோடு முடிந்த ஆண்டின் கொள்முதல் பில், விற்பனை பில், பாங்கு ஸ்டேட்மெண்ட், லாரி வாடகைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கட்டைப் பையில் போட்டுக் கடைப் பையனிடம் கொடுத்தனுப்புகிறோம். "ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்தப் பையை அங்கே யார் பிரிக்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

பெரும்பாலும் அதைப் பிரிப்பவர் ஆடிட்டர் அல்ல. அவரிடம் ஆர்ட்டிகிள் பயிற்சியில் இருக்கும் இளைஞர்களும், மே, ஜூன் மாதங்களில் கோடைப் பயிற்சிக்கு வந்து உட்காரும் பி.காம். மாணவ மாணவிகளும்தான் பிரிக்கிறார்கள். இரண்டாம் ஆண்டு முடிந்த விடுமுறையில் ஓர் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ பயிற்சி எடுத்து அறிக்கை தர வேண்டும் என்று பல கல்லூரிகளின் பாடத்திட்டம் இப்போது கேட்கிறது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள ஆடிட்டர் அலுவலகங்களுக்கு இப்படி வரும் பிள்ளைகளில் பலர் நம்மைப் போன்ற கடைக்காரர்களின் வீட்டுப் பிள்ளைகளே. அவர்கள் அங்கே என்ன கற்கிறார்கள், அதில் நமக்கு என்ன லாபம், நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம்மிடம் பல ஆண்டுகளாகச் சரக்கு எடுக்கும் மளிகைக் கடைக்காரர் ஒருவர் சூளகிரிப் பக்கம் இருக்கிறார். அவருடைய மகள் கிருஷ்ணகிரியில் பி.காம். படிக்கிறார். ஓசூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு வாரம் கோடைப் பயிற்சி எடுத்தார். அந்த அனுபவத்தை நாம் கேட்டு அறிந்தோம். அவர் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

தகப்பனாருக்கு முதலில் இதில் விருப்பம் இல்லை. "நாற்பது நாள் பஸ் சார்ஜும் மதியச் சாப்பாடும் நம் கைக்காசு. திரும்பி வரும்போது ஒரு சர்டிபிகேட் கொடுப்பார்கள். அதை வைத்து என்ன செய்ய?" என்று நம்மிடமே வருத்தப்பட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் காலையில் கம்பெனி பஸ் ஏறி டாடா எலக்ட்ரானிக்ஸ் போன்ற தொழிற்சாலைகளுக்குப் போய் மாதச் சம்பளம் வாங்கி வருகிறார்கள். 1970களில் சிப்காட் வந்த நாளிலிருந்து நம் ஊரில் பிள்ளைகளின் படிப்பை அளக்கும் படிக்கல் கம்பெனிச் சம்பளம்தான். அந்தப் படிக்கல்லால் நிறுத்தால் ஆடிட்டர் ஆபீஸ் பயிற்சி எடை குறைவாகத்தான் தெரியும்.

முதல் வாரம்: துளையும் நூலும்

முதல் வாரம் முழுவதும் அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. பில்களைத் தேதி வாரியாக அடுக்குவது, துளை போட்டு நூலில் கோர்ப்பது, ஜெராக்ஸ் எடுப்பது இவைதான் வேலை. கல்லூரியில் மூன்று செமஸ்டர் கணக்கியல் படித்தவருக்கு இது சற்று ஏமாற்றமாகவே இருந்தது. நான்காம் நாள் ஆர்ட்டிகிள் பையன் ஒருவர் அவரிடம் சொன்னாராம்: "கல்லூரிக் கணக்கில் எல்லாத் தொகையும் முதலிலேயே எழுதியிருக்கும். இங்கே தொகை எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை."

எவ்வளவு உண்மை! பாடப்புத்தகத்தில் "கொள்முதல் ரூ. 50,000" என்று ஒரே வரியில் வந்துவிடும். நம் கட்டைப் பையில் அந்த 50,000 பதினொரு பில்லாக இருக்கும். அதில் இரண்டு பில்லில் எண்ணெய் பட்டு எழுத்து கரைந்திருக்கும். ஒன்று பில்லே அல்ல, வெறும் எஸ்டிமேட் துண்டுச் சீட்டாக இருக்கும். இன்னொன்றின் பின்பக்கத்தில் கடைக்காரர் யாருடைய கடன் பாக்கியையோ எழுதி வைத்திருப்பார்.

எல்லைப்புறம் என்பதால் நம் ஊர்ப் பைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. மொழி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் பஜார் நம்முடையது. பெங்களூர் யஷ்வந்த்பூர் மார்க்கெட்டிலிருந்து வரும் சீட்டில் "தொகரி பேளை" என்று இருக்கும். தெலுங்கு பேசும் கடைக்காரர் தன் சிட்டையில் "கந்திப்பப்பு" என்று எழுதியிருப்பார். நாம் துவரம் பருப்பு என்கிறோம். மூன்றும் ஒரே சரக்கு என்று தெரியாவிட்டால் இருப்புக் கணக்கு மூன்றாகப் பிரிந்துவிடும். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் அந்தப் பெண்ணுக்கு இது எளிதாகப் புரிந்தது. பெயர் எத்தனை மொழியில் இருந்தாலும் பருப்பு வகைக்கு எச்.எஸ்.என். எண் 0713தான் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார். கடையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு உள்ள வசதி இதுதான். சரக்கை முதலில் தெரிந்துகொண்டு, எண்ணைப் பிறகு கற்கிறது.

எல்லை தாண்டும் சரக்கும் கணக்கும்

இரண்டாம் வாரத்திலிருந்து பில்களைச் சரிபார்த்து டாலியில் ஏற்றும் வேலை கொடுத்தார்கள். இங்கேதான் ஓசூர் ஊரின் தனிப் பாடம் தொடங்குகிறது.

ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதாவது கர்நாடகம். நம் டெம்போவுக்கு அது சில நிமிடப் பயணம். ஜி.எஸ்.டி. எண்ணில் அது 33க்கும் 29க்கும் உள்ள தூரம். தமிழ்நாட்டுப் பதிவு எண் 33 என்று தொடங்கும், கர்நாடகத்தினுடையது 29 என்று தொடங்கும். சூளகிரிக் கடைக்குப் போட்ட பில்லில் மத்திய வரி, மாநில வரி என்று பாதிப் பாதியாக வரும். அத்திப்பள்ளிக் கடைக்குச் சரக்கை ஏற்றி அனுப்பினால் ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரியாக வர வேண்டும். வரித் தொகை இரண்டிலும் ஒன்றே. ஆனால் தலைப்பு மாறினால், சரியான தலைப்பில் மறுபடியும் கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பம் போட வேண்டும். அதுவரை நம் முதல் முடங்கிக் கிடக்கும்.

பில் போடும் பையன் அவசரத்தில் கவனிக்காமல் விட்ட இப்படிப்பட்ட பில்களைப் பொறுக்கி எடுத்து வைப்பது அந்தப் பெண்ணின் வேலை. முதல் இரண்டு எண்களைப் பார்த்துக்கொண்டே போனால் போதும். சின்ன வேலைதான். ஆனால் அதைச் செய்ய ஆள் வேண்டுமே!

இதோடு இன்னும் சில செய்திகளையும் அவர் தம் நோட்டில் குறித்துக்கொண்டார். நமக்கும் பயன்படும் என்பதால் இங்கே தருகிறோம்.

காம்பவுண்டிங் என்று நாம் சொல்லும் தொகுப்பு வரித் திட்டத்தில் இருக்கும் வியாபாரி வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. வெளி மாநிலத்திலிருந்து வாங்கலாம். எல்லையோரச் சிறு கடைக்காரர்கள் இதை மறக்கவே கூடாது.

ரூ. 50,000க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டினால் ஈ-வே பில் வேண்டும். இது 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு இந்த வரம்பு ஒரு லட்சம். கிருஷ்ணகிரிக்கு அனுப்பிய பழக்கத்தில் அத்திப்பள்ளிக்கும் அனுப்பினால் வழியில் வண்டி நிற்கும்.

2022 ஜூலை 18 முதல், பாக்கெட் செய்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீத வரி. சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. நம் கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டை நிற்பதன் காரணம் நமக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கோ, தம் வீட்டுக் கடையில் சிறு வயது முதல் பார்த்த மூட்டைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

கணக்கு எழுதி லாபம் காட்டும் வியாபாரி, ஒரே ஆளுக்கு ஒரே நாளில் ரூ. 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள். லாரி வாடகைக்கு வரம்பு ரூ. 35,000. விவசாயியிடம் நேரடியாக வாங்கும் விளைபொருளுக்கு இதில் விலக்கு உண்டு. புளியும் தக்காளியும் வாங்கும் நம் பகுதி வியாபாரிகள் விவசாயியின் பெயர், ஊர், கையெழுத்து வாங்கி வவுச்சர் வைத்திருந்தால் நல்லது.

ஐந்து பில்லும் 12,000 ரூபாயும்

மூன்றாம் வாரத்தில் அவர் கைக்கு ஒரு சிறிய மளிகைக் கடையின் பை வந்தது. தம் தகப்பனார் கடை அளவுதான் அதுவும் இருக்கும் என்றார். கடைக்காரர் பில்களை ஒழுங்காகவே வைத்திருந்தார். பணமும் பாங்கு மூலமே கொடுத்திருந்தார். வேலை என்னவென்றால், கையில் இருக்கும் கொள்முதல் பில்களையும் அரசாங்க இணையத்தில் வரும் ஜி.எஸ்.டி.ஆர். 2பி அறிக்கையையும் வரிசையாக ஒப்பிட்டுப் பார்ப்பது.

வாசகர்கள் பலருக்குத் தெரிந்ததே, இருந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறோம். நாம் சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பில் நம் கையில் இருந்தால் மட்டும் போதாது. நமக்கு விற்றவர் தம் ஜி.எஸ்.டி.ஆர். 1 ரிட்டர்னில் அந்தப் பில்லை நம் எண்ணுக்கு நேராக ஏற்றியிருக்க வேண்டும். அப்போதுதான் அது நம் 2பி அறிக்கையில் வரும். 2022 ஜனவரி 1 முதல் இப்படி வராத வரியைக் கழிக்க முடியாது.

ஐந்து பில்கள் வரவில்லை. ஐந்தும் சமையல் எண்ணெய், ஒரே மொத்த வியாபாரி. சரக்கின் மதிப்பு ரூ. 2,40,000, 5 சதவீத வரி ரூ. 12,000. பில்லில் கடைக்காரரின் எண் சரியாகவே இருந்தது. அந்தப் பெண் ஐந்தையும் தனித் தாளில் எழுதி ஆர்ட்டிகிளிடம் காட்ட, அவர் ஆடிட்டரிடம் கொண்டுபோனார். விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. ஒரே சாமி பெயரில் இரண்டு ஊரில் இரண்டு கடைகள். ரிட்டர்ன் ஏற்றும்போது மொத்த வியாபாரியின் குமாஸ்தா ஐந்து பில்லையும் மற்றக் கடையின் எண்ணுக்கு நேராகப் போட்டுவிட்டார்.

மொத்த வியாபாரிக்கு முதலில் கோபம் வந்ததாம். "வரி கட்டியாகிவிட்டது, இன்னும் என்ன?" என்று கேட்டாராம். அவர் கட்டியது உண்மை. ஆனால் அந்த வரியின் பலன் வேறு கடையின் பேரில் நின்றது. ஒரு நிதியாண்டின் பில்லை அடுத்த நவம்பர் 30ஆம் தேதிக்குள் திருத்தலாம், அதற்குப் பிறகு முடியாது. பயிற்சி நடந்தது மே மாதம், ஆகவே நேரம் இருந்தது. மொத்த வியாபாரி அடுத்த ரிட்டர்னில் திருத்தினார். ஜூன் மாதம் 14ஆம் தேதி வந்த 2பி அறிக்கையில் ஐந்து பில்லும் வந்து நின்றன.

நூற்றுக்கு நாலு ரூபாய் நிற்கும் மளிகைக் கடையில் 12,000 ரூபாய் என்பது மூன்று லட்ச ரூபாய் வியாபாரத்தின் லாபம். மாதக்கணக்கில் விடியற்காலையில் ஷட்டர் தூக்கி இரவு பத்து மணிக்கு இறக்கும் உழைப்பு. கடைக்காரர் செய்த குற்றம் எதுவும் இல்லாமலே அது போயிருக்கும். சம்பளம் வாங்காத ஒரு கல்லூரி மாணவி பில்லையும் அறிக்கையையும் வரி வரியாக விரல் வைத்து ஒப்பிட்டதால் அது நின்றது. "எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது" என்பார்கள். எழுதிய கணக்கையும் ஒருவர் பொறுமையாகப் பார்க்காவிட்டால் அழத்தான் வேண்டும்.

நம் கணக்கைப் பிறர் பிள்ளை பார்க்கலாமா?

இந்தச் செய்தியை நம் சங்க நண்பர்கள் சிலரிடம் சொன்னபோது ஒருவர் வேறொரு கேள்வி கேட்டார். "அது சரி, காலேஜ் பிள்ளைகள் நம் கணக்கைப் பார்த்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடாதா? பக்கத்துக் கடைக்காரர் பிள்ளையே அங்கே உட்கார்ந்திருந்தால்?"

நியாயமான கேள்வி. சின்ன ஊரில் ஒருவருடைய ஓ.டி. பாக்கி எவ்வளவு என்பது வெளியே தெரிந்தால் மறுநாளே சரக்குக் கடன் நின்றுவிடும். கட்சிக்காரரின் விவரத்தை அவர் அனுமதி இல்லாமல் வெளியிடுவது 1949ஆம் ஆண்டின் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டப்படி ஆடிட்டருக்குத் தொழில்முறைக் குற்றம். தம் அலுவலகத்தில் இருப்பவர்களையும் அவர்தான் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். அந்த அலுவலகத்தில் முதல் நாளே ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். எந்தக் கடையின் பெயரையும் தொகையையும் வெளியில் பேசுவதில்லை, கல்லூரி அறிக்கையிலும் எழுதுவதில்லை என்று உறுதி. செல்போனில் பில்லைப் படம் எடுக்கவும் தடை.

அந்தப் பெண்ணுக்கு இதில் ஒரு சோதனையும் வந்தது. தகப்பனாரிடம் கடன் பாக்கி வைத்திருக்கும் ஒருவரின் கணக்கு அவர் மேசைக்கே வந்தது. அவர் அதைப் பிரிக்காமல் எடுத்துப் போய், "இது தெரிந்தவர் கணக்கு, வேறு யாரிடமாவது கொடுங்கள்" என்று சொல்லிவிட்டார். வீட்டிலும் சொல்லவில்லை. நம்மிடம் சொன்னபோதும் அது யார் என்று சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பத்தொன்பது இருபது வயதில் இந்தக் கட்டுப்பாடு வருவது சாதாரணம் அல்ல. ஆறு வாரத்தில் அவர் கற்றதிலேயே பெரியது இதுதான் என்பது நம் கருத்து. டாலியை எங்கே வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம், வாயைக் கட்டும் வித்தையை அலுவலகத்தில்தான் கற்க முடியும்.

இது நமக்குப் புதிய வழக்கம் அல்ல

பயிற்சி, இன்டர்ன்ஷிப் என்றெல்லாம் இன்று பேர் வைத்தாலும் நம் தமிழ் வணிகத்தில் இது பழைய வழக்கமே. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி நடத்திய காலத்தில் சிறு வயதுப் பையனைப் "பெட்டியடிப் பையன்" என்று கடையில் சேர்த்துக்கொள்வார்கள். கூட்டிப் பெருக்கி, கடிதம் கொண்டுபோய்க் கொடுத்து, பெரியவர்கள் பேரேடு எழுதுவதைப் பார்த்துப் பார்த்தே கணக்குக் கற்று, அடுத்தாள், மேலாள் என்று உயர்வான். நம் மண்டிகளிலும் குமாஸ்தாக்கள் இப்படித்தான் உருவானார்கள்.

விற்பனை வரியின் வரலாற்றிலும் நம் மண்ணுக்கு ஓர் இடம் உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ல் பிறந்தவர் ராஜாஜி. அவர் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது 1937ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. மதுவிலக்கால் குறைந்த வருமானத்தை ஈடுகட்டப் பொது விற்பனை வரியை 1939ல் கொண்டுவந்தார். நாட்டிலேயே அதுதான் முதல். அன்று முதல் 1959ஆம் ஆண்டுச் சட்டம், 2007 ஜனவரி 1ல் வாட், 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. என்று பெயர் மாறிக்கொண்டே வருகிறது. 2025 செப்டம்பர் 22ல் வரி விகிதங்களும் மாறின. வருமான வரிக்கும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டுச் சட்டத்தை 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று கொண்டுவந்தார்கள். சட்டம் மாறும்போதெல்லாம் கணக்குத் தெரிந்தவனுக்கு வேலை கூடியிருக்கிறதே தவிரக் குறைந்ததில்லை.

பெண் பிள்ளைகளுக்கு இது ஏற்ற தொழிலா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். இந்தியாவின் முதல் பெண் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் என்று அறியப்படும் ஆர்.சிவபோகம் நம் தமிழ்நாட்டுப் பெண்மணி. விடுதலைப் போராட்டத்தில் ஓராண்டு வேலூர்ச் சிறையில் இருந்தவர். சென்னையில் சி.எஸ்.சாஸ்திரி என்ற கணக்காயரிடம் பயிற்சி பெற்று 1933ல் தேர்வில் தேறினார். சிறை சென்றவர்கள் கணக்காயராகப் பதிவு செய்துகொள்ளக் கூடாது என்று அன்றைய அரசு விதி போட்டது. அவர் வழக்குப் போட்டு வென்று 1937ல் தனியாகத் தொழில் தொடங்கினார். 1950களில் கணக்காயர் கழகத்தின் தென்மண்டலக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே அவரால் முடிந்தது என்றால் இன்று சூளகிரியிலிருந்து ஓசூருக்குப் பஸ் ஏறும் பெண்ணால் முடியாதா?

பயிற்சி முடிந்த பிறகு

ஆறு வாரப் பயிற்சி முடிந்து வந்த மகளைத் தகப்பனார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இனி என்ன?" சி.ஏ. படிக்க வேண்டும் என்றார் மகள்.

அதற்கான வழியை விசாரித்தோம். பி.காம். பட்டத்தில் 55 சதவீத மதிப்பெண் எடுத்தவர்கள் பவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். 2023 ஜூலை 1 முதல் வந்த புதிய முறையில் ஆர்ட்டிகிள் பயிற்சி இரண்டு ஆண்டு. முன்பு மூன்று ஆண்டாக இருந்தது. ஆர்ட்டிகிள் காலத்தில் ஆடிட்டர் மாதந்தோறும் உதவித் தொகை கொடுக்க வேண்டும் என்பது கழகத்தின் விதி. தேர்வு கடினம்தான், ஒரே மூச்சில் தேறுபவர்கள் குறைவு. ஆனால் தேறாவிட்டாலும் இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள் முடித்தவர் சும்மா இருப்பதில்லை. சிப்காட்டில் உள்ள கம்பெனிகளின் கணக்குப் பிரிவிலும், நம்மைப் போன்ற மொத்தக் கடைகளிலும் அவருக்கு இடம் உண்டு. தனியாக ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக் கொடுத்துப் பிழைப்பவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள்.

தகப்பனார் இன்னும் முழு மனதாகச் சரி என்று சொல்லவில்லை. செலவு, காலம், கல்யாணம் என்று அவருக்கும் கணக்கு இருக்கிறது. ஆனால் ஒரு மாற்றம் கண்ணில் பட்டது. கடை வசூலும் வீட்டுப் பணமும் ஒரே செல்போன் கணக்கில் விழுந்துகொண்டிருந்ததைப் பிரித்துக் கடைக்கென்று தனி பாங்குக் கணக்கு தொடங்கியிருக்கிறார். "பிள்ளை சொன்னது" என்றார். குரலில் சலிப்பு இல்லை, பெருமைதான் இருந்தது.

நாம் செய்ய வேண்டியவை

பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கு நம் பில் பைதான் பாடப்புத்தகம். கிழிந்த புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நல்ல படிப்பை எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே சங்க உறுப்பினர்களுக்குச் சில வேண்டுகோள்கள்:

1. பில்களை மாதவாரியாகத் தனித்தனிக் கவரில் போட்டு, மேலே மாதத்தை எழுதி அனுப்புங்கள். கொள்முதல், விற்பனை, செலவு என்று மூன்றாகப் பிரித்தால் இன்னும் நல்லது. எஸ்டிமேட் சீட்டைப் பில்லோடு கலக்க வேண்டாம்.

2. ரிட்டர்ன் தேதி 11ம் 20ம் என்றால் 19ஆம் தேதி இரவு பை அனுப்பாதீர்கள். மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் அனுப்பினால் சரிபார்க்க நேரம் இருக்கும்.

3. மொத்த வியாபாரிகளாகிய நமக்குப் பொறுப்பு கூடுதல். நாம் ஓர் எண்ணைத் தவறாக ஏற்றினால் நஷ்டம் நம்மை நம்பிச் சரக்கு எடுத்த சிறு கடைக்காரருக்கு. அங்கிருந்து போன் வந்தால், பேசுவது பயிற்சிப் பிள்ளையாக இருந்தாலும் மரியாதையாகப் பதில் சொல்லி உடனே திருத்திக் கொடுங்கள்.

4. இருப்பு எடுக்க ஆடிட்டரின் பிள்ளைகள் குடோனுக்கு வந்தால் ஓர் ஆளை உடன் அனுப்பி மூட்டையைக் காட்டுங்கள். புளியில் கொட்டை எடுத்ததற்கும் எடுக்காததற்கும் விலை எவ்வளவு வித்தியாசம் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

5. "இந்த பில்லைக் கணக்கில் காட்டாதே" என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். தொழில் கற்க வந்த இடத்தில் அவர்கள் முதலில் கற்பது அதுவாக இருக்கக் கூடாது. நாளை அதே பிள்ளை நம் கடைக் கல்லாவில் உட்காரலாம்.

6. ஆடிட்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோடைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு பஸ் சார்ஜும் மதியச் சாப்பாடுமாவது கொடுங்கள். ஜெராக்ஸ் எடுப்பதோடு நிறுத்திவிடாமல் ஒரு கடையின் கணக்கையாவது முதலிலிருந்து கடைசி வரை பார்க்க விடுங்கள்.

7. நம் சங்கமும் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் பகுதி உறுப்பினர்களின் வீட்டில் பி.காம். படிக்கும் பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, பயிற்சிக்கு இடம் தரக்கூடிய ஆடிட்டர்களிடம் கொடுக்கலாம். இதற்குப் பெரிய செலவு இல்லை. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைப் பேசும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்று சொல்லி வளர்த்தவர்கள் நம் பெரியவர்கள். அவர்கள் காலத்தில் அளக்கப் படியும் எழுதச் சிட்டையும் போதுமானதாக இருந்தன. இன்று அளப்பது கம்ப்யூட்டர், எழுதுவதும் கம்ப்யூட்டர். ஆனால் அளந்தது சரியா, எழுதியது சரியா என்று பார்க்க மனிதக் கண் வேண்டும். அந்தக் கண்ணை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்க ஆறு வாரம் போதுமான தொடக்கம். வருகிற கோடையில் உங்கள் பிள்ளை ஆடிட்டர் ஆபீசுக்குப் போகிறேன் என்று கேட்டால் தடுக்காதீர்கள். அனுப்புகிற பையையும் ஒழுங்காகக் கட்டி அனுப்புங்கள்.